கிரகித்தலும் சுருக்கம் எழுதுதலும்: உறைபனிக் காலத்தில் முயலின் குடிநீர்

தமிழ்மொழியும் இலக்கியமும் – க.பொ.த. (சாதாரண தரம்)



கிரகித்தல் வினாவிற் புள்ளிகளை இழப்போர் பலர் தமிழ் தெரியாமையால் இழப்பதில்லை. தரப்பட்ட பகுதி தமக்குப் பழக்கமில்லாத ஒரு விடயத்தைப் பற்றியதாக இருப்பதைக் கண்டதும் பதற்றமடைகின்றனர். பகுதியைச் சரிவர வாசிக்காது, தமக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு விடை எழுதிவிடுகின்றனர். இக்குறையைப் போக்குவதற்காகவே, உங்களுக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு பொருளை இப்பாடத்திற்குத் தெரிவுசெய்துள்ளோம்.

எமது நாட்டிலும் முயல் வளர்ப்போர் உள்ளனர். ஆனால், முயலுக்கு வைத்த தண்ணீர் விடிவதற்குள் கட்டியாக உறைந்துவிடுமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. நுவரெலியா, அம்பேவெல போன்ற இடங்களில் ஆண்டின் தொடக்க மாதங்களிற் சில அதிகாலைகளில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. உங்களிற் பலரின் உறவினர்கள் அந்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய வீட்டுத் தோட்டத்தில் ஒரு முயற்கூடு இருப்பதாக எண்ணிக்கொண்டு இப்பகுதியை வாசியுங்கள்.

அ. வாசிக்கும் முறை

1. முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். "இப்பகுதி எதைப் பற்றியது? இதில் உள்ள பிரச்சினை யாது?" என்ற இரு வினாக்களுக்கு மட்டும் மனத்தில் விடை காணுங்கள்.

2. வினாக்களை வாசித்த பின்னர், பகுதியை இரண்டாவது முறை வாசியுங்கள். இப்போது விடை உள்ள இடங்களைப் பென்சிலால் அடையாளமிடுங்கள்.

3. காரணங்காட்டும் சொற்களையும் மாறுபாடு காட்டும் சொற்களையும் கவனியுங்கள். ஏனெனில், எனவே, ஆகையால், ஆதலால் ஆகியவை காரணத்தையும் விளைவையும் இணைப்பவை. ஆனால், எனினும், ஆயினும் ஆகியவை கருத்துத் திரும்பும் இடத்தைக் காட்டுபவை. வினாக்கள் பெரும்பாலும் இவ்விடங்களிலிருந்தே எழுகின்றன.

ஆ. அருஞ்சொற் குறிப்பு

உலர்புல் – வெட்டிக் காயவைத்த புல். முயலின் முதன்மை உணவு. நெல், கோதுமை முதலியவற்றின் காய்ந்த தாளாகிய வைக்கோலிலிருந்து வேறானது.
உறைநிலை – திரவமொன்று திண்மமாக மாறும் வெப்பநிலை. தூய நீருக்கு 0 பாகை செல்சியஸ்.
கனவளவு – பொருளொன்று அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு.
காவலி – வெப்பத்தை இலகுவிற் கடத்தாத பொருள். கம்பளி, வைக்கோல், அடைபட்ட வளி என்பன உதாரணங்கள்.
அந்தி – பகலும் இரவும் கூடும் மாலைப்பொழுது.

இ. வாசிப்புப் பகுதி

(1) இன்று வீடுகளில் வளர்க்கப்படும் முயலின் மூதாதை, ஐபீரியத் தீபகற்பத்தையும் அதனை அடுத்த தென் பிரான்சையும் தாயகமாகக் கொண்ட ஐரோப்பியக் காட்டு முயலாகும். அடர்ந்த மயிர் உடைய முயல், காற்றும் ஈரமும் படாத இடமும் படுக்கைக்குப் போதிய வைக்கோலும் இருப்பின், குளிரை நன்கு தாங்கும். கடும் வெப்பத்தைத் தாங்குவதே அதற்குக் கடினம். எனவே பிரித்தானியாவிற் பலர் குளிர்காலத்திலும் முயலைத் தோட்டத்து மரக்கூட்டிலேயே வைத்துப் பராமரிக்கின்றனர். ஆனால், முயல் தாங்கும் குளிரை அதன் குடிநீர் தாங்குவதில்லை. 2010 டிசெம்பர், அந்நாட்டில் நூறாண்டுகளில் மிகக் குளிர்ந்த டிசெம்பர் மாதமாகக் கழிந்தது. சாதாரண ஆண்டுகளிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும் இரவுகள் பல உண்டு. அத்தகைய இரவொன்றில், மாலையில் வைத்த நீர் காலையிற் பனிக்கட்டியாக நிற்கும்.

(2) முயல் தன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை நீர் அருந்தும். உலர்புல்லில் ஈரம் மிகக் குறைவு. எனவே அதனை உண்ணும் முயலுக்கு நீர் இன்றியமையாதது. நீர் கிடைக்காத முயல் உண்பதைக் குறைக்கின்றது. குடலில் உள்ள உணவு வறண்டு இறுகுகின்றது. குடலின் அசைவு மந்தமாகிப் பின்னர் நின்றுவிடுகின்றது. முயலின் குடல் ஓயாது இயங்க வேண்டியது. அது நின்றுவிட்டால், உரிய மருத்துவம் கிடைக்காவிடின் முயல் இறந்துவிடக்கூடும். மேலும், முயல் தன் உணவிலுள்ள மிகையான கல்சியத்தைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகின்றது. நீர் குறைந்தால் சிறுநீர் தடித்து, சிறுநீர்ப்பையில் மண்டியும் கல்லும் உண்டாக இடமுண்டு.

(3) முயல் வைகறையிலும் அந்தியிலுமே மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்குகின்றது. உண்பதும் குடிப்பதும் அப்பொழுதுகளிலேயே அதிகம். டிசெம்பர் மாத இறுதியில் இலண்டனிற் பகல் எட்டு மணித்தியாலத்திற்கும் குறைவு. இரவோ பதினாறு மணித்தியாலம் நீளுகின்றது. அவ்விரவின் மிகக் குளிர்ந்த வேளை விடியலை ஒட்டியே வருகின்றது. இவ்வாறு முயலின் நேரமும் பனியின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. நண்பகலில் உருகிய நீரைக் கண்டு "தண்ணீர் இருக்கிறதே" எனத் திருப்தி அடைபவர், முயல் தேடிய வேளையில் அந்நீர் கல்லாக இருந்ததை அறியமாட்டார். எனவே காலையும் மாலையும் தவறாது நீரை மாற்றுவதும், இரவு உறங்கச் செல்லுமுன் ஒருமுறை பார்ப்பதும் அவசியம்.

(4) கூட்டில் தொங்கவிடப்படும் போத்தலில் முதலில் உறைவது போத்தலிலுள்ள நீர் அன்று. அதன் உலோகக் குழாயிலுள்ள நீரே. குழாய் ஒடுங்கியது, அதில் நிற்கும் நீர் மிகச் சிறிதளவு, உலோகமோ வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. எனவே குழாயின் நுனியிலுள்ள சிறு குண்டு பனியில் இறுகி அசையாது நின்றுவிடுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் போத்தல் நிறைய நீர் தெரியும். முயலுக்கோ ஒரு துளியும் கிடைக்காது. ஆகையால் போத்தலைக் கண்ணால் பார்ப்பது போதாது. குண்டை விரலால் தட்டி நீர் வருகின்றதா எனச் சோதிக்க வேண்டும். நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால், வாய்வரை நிரப்பிய போத்தல் வெடித்தும் போகலாம். ஆதலால் முழுவதும் நிரப்பாது சிறிது இடம் விடுவதும், இரண்டு போத்தல்களை வைத்துக்கொண்டு ஒன்று உறைந்ததும் மற்றதை மாற்றுவதும் நல்ல வழிகளாகும்.

(5) கிண்ணத்தில் நீர் வைப்பது மற்றொரு முறை. திறந்த கிண்ணத்தில் வைக்கும்போது முயல் கூடுதலாக நீர் அருந்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கிண்ணத்தில் உறையக்கூடிய குழாயும் இல்லை. இங்கு நீரின் இயல்பே நமக்கு உதவுகின்றது. ஒரு இலீற்றர் நீர் 20 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிர்வதற்கு ஏறத்தாழ 84 கிலோயூல் வெப்பத்தை இழக்க வேண்டும். 0 பாகையை அடைந்த அந்நீர் முழுவதும் பனிக்கட்டியாவதற்கு மேலும் 334 கிலோயூல் வெப்பத்தை இழக்க வேண்டும். அதாவது, குளிர்வதற்கு இழந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே நீர் ஒரு கணத்தில் உறைந்துவிடுவதில்லை. முதலில் மேலே மெல்லிய பனித்தகடு தோன்றி, பின்னரே அது தடிக்கின்றது. சிறிய தட்டையான பாத்திரத்தைவிட, ஆழமான, கூடுதலான நீர் கொள்ளும் கனத்த பாத்திரத்தில் நீர் நெடுநேரம் உறையாதிருப்பது இதனாலேயே. கறுப்பு நிற றப்பர்க் கிண்ணம் பகல் வெயிலை ஈர்ப்பதுடன், நீர் உறைந்தாலும் வெடிப்பதில்லை. கவிழ்த்து அமுக்கினாற் பனிக்கட்டி கழன்றுவிடும்.

(6) போத்தலுக்குக் கம்பளிக் காலுறை அணிவிப்பதும், கூட்டுக்கு வெளியே தொங்கும் போத்தலைக் காற்றுக்குமிழ்த் தாளாற் சுற்றுவதும் வழக்கம். முயல் எதனையும் கடிக்கும் இயல்புடையதாதலால், அத்தாள் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. காவலி வெப்பத்தைத் தருவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றது. எனவே உறையினுள் இளஞ்சூடான நீரை இட்டாலே முழுப் பயனும் கிடைக்கும். காற்று வீசும் பக்கத்திலன்றி, மறைவான பக்கத்தில் நீரை வைப்பதும் உதவும். கடுங்குளிர் நாடுகளிற் பலர் மின்சாரத்தால் இயங்கும் சூடாக்கும் கிண்ணங்களைப் பயன்படுத்துகின்றனர். அவை நீரை உறைநிலைக்குச் சற்று மேலே வைத்திருக்கும். ஆயினும் அவற்றின் மின்வடம் உலோகச் சுருளாற் காக்கப்பட்டிருத்தலும், வெளியிற் பயன்படுத்துவதற்கு ஏற்றதாயிருத்தலும் வேண்டும். இல்லையேல் தாகத்தைத் தீர்க்க வந்ததே உயிரைப் போக்கிவிடும்.

(7) சிலர் நீரில் உப்பிட்டால் உறையாது என எண்ணுகின்றனர். கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரும் ஏறத்தாழ −2 பாகை செல்சியஸில் உறையத் தொடங்குகின்றது. குடிக்க முடியாத அளவு உப்பிட்ட பின்னரும் −5 பாகை இரவில் அது உறையவே செய்யும். முயலுக்கோ தாகம் மேலும் கூடும். மோட்டார் வாகனங்களிற் பயன்படும் உறைதடுப்புத் திரவம் இனிப்புச் சுவையுடையது; ஆனால் கொடிய நஞ்சு. அது முயலின் அருகேயும் வரலாகாது. கொதிநீரை ஊற்றுவதும் தவறு. முயலின் வாய் வெந்துபோகலாம், குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரம் வெடிக்கலாம். பனியைத் தின்று முயல் தாகம் தீர்த்துக்கொள்ளும் என விட்டுவிடுவதும் தவறாகும். பனியை உருக்குவதற்கு முயல் தன் உடல் வெப்பத்தையே செலவிட வேண்டும்.

(8) குளிர் மிகுந்தால், கூட்டையே காற்றோட்டமுள்ள கொட்டிலுக்கோ வாகனம் நிறுத்தப்படாத தரிப்பறைக்கோ மாற்றுவது சிறந்தது. வாகனம் இயங்கும் இடத்தில் அதன் புகை முயலுக்குத் தீங்கு விளைவிக்கும். 1965 இல் பிரித்தானியாவில் வெளிவந்த பிரம்பெல் குழுவின் அறிக்கையை அடியொற்றி, விலங்குகளின் "ஐந்து சுதந்திரங்கள்" 1979 இல் வகுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும் விடுதலை பெறுவதாகும். கூட்டில் அடைபட்ட முயல் ஓடையைத் தேடிச் செல்ல முடியாது; கதவைத் தட்டிக் கேட்கவும் முடியாது. அதனைக் கூட்டில் அடைத்தவரே அதன் ஓடையாக இருக்க வேண்டியவர்.

ஈ. வினாக்களும் மாதிரி விடைகளும்

ஒவ்வொரு வினாவுக்கும் முதலில் நீங்களே விடை எழுதுங்கள். பின்னர் கீழுள்ள விடையுடன் ஒப்பிடுங்கள்.

1. முயல் குளிரைத் தாங்குவதற்கு ஆசிரியர் கூறும் நிபந்தனைகள் இரண்டினைத் தருக.

விடை: காற்றும் ஈரமும் படாத இடம் இருத்தல். படுக்கைக்குப் போதிய வைக்கோல் இருத்தல்.

விளக்கம்: "முயலுக்கு அடர்ந்த மயிர் உண்டு" என எழுதுவது பொருந்தாது. அது முயலின் இயல்பு, நிபந்தனை அன்று. "இருப்பின்" என்ற சொல்லுக்கு முன்னே நிற்பவையே நிபந்தனைகள். வினாவில் உள்ள சொல்லைக் கூர்ந்து நோக்குக.

2. நீர் கிடைக்காத முயலுக்கு நேரும் விளைவுகளை ஒழுங்குமுறையில் எழுதுக.

விடை: முதலில் முயல் உண்பதைக் குறைக்கின்றது. அடுத்து, குடலிலுள்ள உணவு வறண்டு இறுகுகின்றது. பின்னர் குடலின் அசைவு மந்தமாகி நின்றுவிடுகின்றது. உரிய மருத்துவம் கிடைக்காவிடின் முயல் இறந்துவிடக்கூடும். இவற்றுடன் சிறுநீர் தடித்து மண்டியும் கல்லும் உண்டாகவும் இடமுண்டு.

விளக்கம்: "ஒழுங்குமுறையில்" எனக் கேட்கப்பட்டால் முதலில், அடுத்து, பின்னர் ஆகிய சொற்களைப் பயன்படுத்துங்கள். "முயல் இறந்துவிடும்" என்று மட்டும் எழுதுபவர் முடிவைச் சொல்கின்றார், வழியைச் சொல்லவில்லை. அத்துடன் பகுதியில் "இறந்துவிடக்கூடும்" என்றே உள்ளது. கூடும் என்பதை உறுதியாக மாற்றிவிடாதீர்கள்.

3. 3 கிலோகிராம் நிறையுடைய முயலொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது எவ்வளவு நீர் வைக்க வேண்டும்? எவ்வளவு வரை தேவைப்படலாம்?

விடை: குறைந்தது 150 மில்லிலீற்றர். 450 மில்லிலீற்றர் வரை தேவைப்படலாம்.

விளக்கம்: இவ்வெண்கள் பகுதியில் நேரடியாக இல்லை. தரப்பட்ட வீதத்தை நிறையாற் பெருக்கிப் பெற வேண்டும். எண்கள் தமிழ்ப் பாடத்திற்கு உரியவை அல்ல என ஒதுக்கிவிடாதீர்கள்.

4. "முயலின் நேரமும் பனியின் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன." இக்கூற்றின் கருத்தை விளக்குக.

விடை: முயல் வைகறையிலும் அந்தியிலுமே மிகுதியாக உண்டு குடிக்கின்றது. குளிர்கால இரவின் மிகக் குளிர்ந்த வேளையும் விடியலை ஒட்டியே வருகின்றது. எனவே முயல் நீரைத் தேடும் வேளையிலேயே நீர் உறைந்திருக்கின்றது என்பதே இதன் கருத்தாகும்.

விளக்கம்: விளக்குக என்ற வினாவுக்கு அதே வாக்கியத்தைத் திருப்பி எழுதுவது விடையாகாது. "முயலின் நேரம்" என்பது எது, "பனியின் நேரம்" என்பது எது என இரண்டையும் பிரித்துச் சொல்லிய பின்னர், அவை எவ்வாறு ஒன்றாகின்றன எனக் கூற வேண்டும்.

5. ஒருவர் போத்தலில் மிகக் குளிர்ந்த நீரை நிரப்பி, தடித்த கம்பளி உறையினாற் சுற்றினார். காலையில் நீர் உறைந்திருந்தது. அவர் விளங்கிக்கொள்ளத் தவறியது யாது?

விடை: காவலி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதே அதன் பணி. குளிர்ந்த நீரிற் காப்பதற்குரிய வெப்பம் குறைவாகவே இருந்தது. இதனை அவர் விளங்கிக்கொள்ளவில்லை.

விளக்கம்: இது பிரயோக வினா. பகுதியிலுள்ள பொதுக் கருத்தைப் புதிய சந்தர்ப்பமொன்றிற் பொருத்திக் காட்ட வேண்டும். "அவர் இளஞ்சூடான நீரை இட்டிருக்க வேண்டும்" என்பது என்ன செய்திருக்க வேண்டும் என்ற வினாவுக்கு உரிய விடை. இங்கே கேட்கப்பட்டது அவர் விளங்கிக்கொள்ளத் தவறியது எது என்பதாகும்.

6. முயலின் குடிநீரில் உப்பிடலாகாது என்பதற்கு ஆசிரியர் தரும் காரணங்கள் இரண்டினை எழுதுக.

விடை: குடிக்க முடியாத அளவு உப்பிட்டாலும், கடுங்குளிர் இரவில் நீர் உறைந்தே போகும். உப்பு நீர் முயலின் தாகத்தை மேலும் கூட்டும்.

விளக்கம்: கடல்நீர் பற்றிய செய்தி ஒரு சான்று, தனிக் காரணம் அன்று. காரணத்தையும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சான்றையும் வேறுபடுத்தி அறியுங்கள்.

7. "அதனைக் கூட்டில் அடைத்தவரே அதன் ஓடையாக இருக்க வேண்டியவர்." இதன் மூலம் ஆசிரியர் உணர்த்த விரும்புவது யாது?

விடை: காட்டில் வாழும் முயல் நீரைத் தானே தேடிக்கொள்ளும். கூட்டிலுள்ள முயலுக்கு அச்சுதந்திரம் இல்லை. அதனைப் பறித்தவர் மனிதர். எனவே அம்முயலுக்குத் தவறாது நீர் கொடுப்பது வளர்ப்பவரின் விருப்பம் அன்று. கடமை என்பதையே ஆசிரியர் உணர்த்துகின்றார்.

விளக்கம்: இங்கு ஓடை என்பது உருவகமாக வந்துள்ளது. நேர்ப்பொருள், குறிப்புப்பொருள் ஆகிய இரண்டையும் தொட்டு எழுதினால் விடை நிறைவுபெறும்.

8. (அ) எதிர்க்கருத்துச் சொல் தருக: ஒடுங்கிய, மந்தம், கூடுதல், வறண்ட.

விடை: அகன்ற, விரைவு, குறைதல், ஈரமான.

(ஆ) பிரித்தெழுதுக: உலர்புல், கொதிநீர், இளஞ்சூடு.

விடை: உலர் + புல், கொதி + நீர், இளமை + சூடு.

குறிப்பு: உலர்புல், கொதிநீர் ஆகியவை வினைத்தொகைகள். உலர்ந்த புல், உலர்கின்ற புல், உலரும் புல் என முக்காலமும் விரித்துக் காண்க. இளஞ்சூடு பண்புத்தொகை.

உ. சுருக்கம் எழுதுதல்

நான்காம் பந்தியை எடுத்துக்கொள்வோம். அதில் 83 சொற்கள் உள்ளன. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதாயின் ஏறத்தாழ 28 சொற்களில் எழுத வேண்டும்.

முதலிற் பிரதான கருத்துகளைக் குறித்துக்கொள்க.

– முதலில் உறைவது குழாயிலுள்ள நீர்.
– போத்தலில் நீர் இருந்தும் முயலுக்குக் கிடைக்காது.
– குண்டைத் தட்டிச் சோதிக்க வேண்டும்.
– நீர் விரிவதாற் போத்தல் உடையலாம்.
– இடம் விட்டு நிரப்புக. இரண்டாவது போத்தல் வைத்திருக்க.

அடுத்து, விடத்தக்கவற்றைத் தெரிந்துகொள்க. உலோகம் வெப்பத்தைக் கடத்தும் என்ற விளக்கம், 9 சதவீதம் என்ற எண், வெளியிலிருந்து பார்ப்பவரின் நிலை ஆகியவை பிரதான கருத்துக்குத் துணை நிற்பவை. அவற்றை விட்டாலும் பந்தியின் பொருள் கெடாது. ஆனால் "தட்டிச் சோதித்தல்" என்பதை விட்டுவிட்டால் பந்தியின் பயனே போய்விடும்.

மாதிரிச் சுருக்கம்:

போத்தலில் முதலில் உறைவது ஒடுங்கிய உலோகக் குழாயிலுள்ள நீரே. அப்போது போத்தலில் நீரிருந்தும் முயலுக்குக் கிடைக்காது. எனவே குண்டைத் தட்டிச் சோதிக்க வேண்டும். உறையும் நீர் விரிந்து போத்தலை உடைக்குமாதலால் இடம்விட்டு நிரப்பி, மாற்றுப் போத்தலொன்றும் வைத்திருத்தல் நன்று.

(28 சொற்கள்)

சுருக்கம் எழுதும்போது பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

1. பந்தியில் இல்லாத கருத்தைச் சேர்க்கலாகாது. "முயல் பாவம்" என்பது உங்கள் உணர்வு. அது நியாயமானதே, எனினும் சுருக்கத்தில் இடம்பெறக் கூடாது.

2. பந்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை அப்படியே பார்த்தெழுதிவிட்டு நிறுத்துவது சுருக்கம் ஆகாது. கடைசி வாக்கியத்தின் கருத்தும் உள்ளடங்க வேண்டும்.

3. பல சொற்களாலான தொடரை ஒரு சொல்லாலோ சிறு தொடராலோ கூறப் பழகுங்கள். "இரண்டு போத்தல்களை வைத்துக்கொண்டு ஒன்று உறைந்ததும் மற்றதை மாற்றுவது" என்பது "மாற்றுப் போத்தல்" எனச் சுருங்கியதைக் காண்க.

4. சொற்களின் எண்ணிக்கையை இறுதியில் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். எண்ணாமல் ஓர் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

ஊ. மாணவர் அடிக்கடி விடும் தவறுகள்

நீர் பன்மை எனக் கருதி "நீர்கள் உறைந்தன" என எழுதுவது பிழை. "நீர் உறைந்தது" என்பதே சரி. "முயல் நீரை குடித்தது" எனும்போது வல்லினம் மிக வேண்டும்: "நீரைக் குடித்தது." உறைதல், உருகுதல் ஆகிய சொற்களை மாற்றி எழுதுவோரும் உளர். நீர் உறைந்தாற் பனிக்கட்டி. பனிக்கட்டி உருகினால் நீர். உரை, உறை ஆகியவற்றையும் குழப்பாதீர்கள். உரைத்தல் என்பது சொல்லுதல் அல்லது தேய்த்தல். உறைதல் என்பது திரவம் கட்டியாதல், தங்குதல். ஓர் எழுத்து மாறினால், போத்தலில் நீர் "உரைந்தது" என்றாகிப் பொருள் கெட்டுவிடும்.

எ. சுயமாகச் செய்க

1. ஏழாம் பந்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக. (உதவி: செய்யக்கூடாதவை நான்கு கூறப்பட்டுள்ளன. நான்கும் காரணத்துடன் இடம்பெற வேண்டும்.)

2. ஐந்தாம் பந்தியைக் கொண்டு, சிறிய தட்டையான பாத்திரத்தைவிட ஆழமான பெரிய பாத்திரம் ஏற்றது என்பதை உங்கள் சொந்த வாக்கியங்களில் விளக்குக.

3. கனடாவில் வாழும் உங்கள் மச்சாள் புதிதாக முயலொன்றை வளர்க்கத் தொடங்கியுள்ளார். குளிர்காலத்தில் அதற்கு நீர் வைக்கும் முறை பற்றி அவருக்கு ஒரு கடிதம் எழுதுக. (உதவி: ஆறு கருத்துகளுக்கு மேல் வேண்டாம். கடிதத்தில் "ஆசிரியர் கூறுகின்றார்" என எழுதலாகாது. உறவினருக்கு எழுதும் தொனி அமைய வேண்டும்.)

4. "வாய் பேசா உயிர்களும் நமது கடமையும்" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுக. இங்கு நீங்கள் உறைபனியைப் பற்றி எழுத வேண்டியதில்லை. வரட்சிக் காலத்தில் கட்டாக்காலி மாடுகளுக்குத் தொட்டியில் நீர் வைத்தல், முற்றத்துக் குருவிகளுக்குச் சிரட்டையில் நீர் வைத்தல், கட்டிவைத்த நாயின் தண்ணீர்ச் சட்டி வெயிலிற் கவிழ்ந்து கிடத்தல் என உங்கள் ஊரிலே காண்பவற்றை எழுதுங்கள். பனியில் உறைந்த நீரும் வெயிலில் வற்றிய நீரும் தாகமுற்ற உயிருக்கு ஒன்றுதான்.

மாணவர்களே, இப்பகுதியைத் தொடங்கும்போது முயலும் பனியும் உங்களுக்கு அந்நியமாக இருந்தன. இப்போது போத்தலின் எந்தப் பகுதி முதலில் உறையும், எதற்காக உப்பிடக்கூடாது, எத்தனை மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பனவற்றை நீங்கள் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இவ்வளவையும் பகுதியே உங்களுக்குத் தந்தது. பரீட்சை மண்டபத்தில் எரிமலை பற்றியோ தேனீ பற்றியோ பாலம் கட்டுதல் பற்றியோ பகுதி வந்தாலும் இதுவே வழி. விடை வினாத்தாளிலேயே இருக்கின்றது. போத்தலைத் தூரத்தில் நின்று பார்த்துத் திருப்தியடையாது, குண்டைத் தட்டிப் பார்ப்பவரைப் போல, ஒவ்வொரு வாக்கியத்தையும் தொட்டுச் சோதித்து வாசியுங்கள்.